எண்பத்தேழில் ஒரு பங்கு

தென்னை விளக்குமாற்றிலிருந்து உருவிய ஈர்க்கின் தடிமன் நடுப்பகுதியில் ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டர். 87ஆல் பெருக்கினால் பத்து சென்டிமீட்டர், அதாவது நாலு அங்குலம். தோட்டத்து லயத்தின் வாசலில் கூரையைத் தாங்கி நின்ற மரக்கால் கிட்டத்தட்ட அந்த அளவுதான். மாதிரி ரயில் செய்கிறவர்கள் பிளாஸ்டிக் கட்டடங்களைப் பெட்டியாக வாங்குவார்கள். திறந்தால் ஜெர்மன் கிராமத்து ஸ்டேஷனோ தேவாலயமோ இருக்கும். கோலசிலாங்கூர் பக்கத்து லயம் எந்தப் பெட்டியிலும் வராது. அதனால்தான் ஈர்க்கு, கோர்ன்ஃபிளேக்ஸ் அட்டை, மைலோ டின்.

1:87ஐ எச்.ஓ. அளவு என்பார்கள். கே.டி.எம். தண்டவாளத்தின் அகலம் 1,000 மி.மீ. வகுத்தால் 11.5, கடையில் கிடைக்கிற 12 மி.மீ. பாதை போதும். அரை மில்லிமீட்டரைக் கண் மன்னித்துவிடும். கூரை விஷயத்தில் மன்னிக்காது. நெளிதகரத்தின் ஒரு நெளிவுக்கும் அடுத்ததற்கும் மூன்று அங்குலம், சிறிதாக்கினால் 0.87 மி.மீ. மெகி பெட்டியின் அட்டையைப் பிரித்தாலே நெளிவு கிடைக்குமே என்று தோன்றும். அது ஏழெட்டு மி.மீ., கூரைமேல் வாய்க்கால் வெட்டியது மாதிரி இருக்கும். எம்5 போல்ட்டின் மரை இடைவெளி 0.8. மைலோ டின் மூடிக்குக் கீழே ஒட்டியிருக்கும் அலுமினியத் தாளை மௌஸ் பேட் மேல் வைத்து, எம்5 மரைக்கம்பியை அழுத்தி உருட்டினால் தகரம் தயார். பொறியியல் படித்ததில் எனக்கு அதிகம் பயன்பட்டது அந்த மரை அட்டவணைதான் என்று சொன்னால் அம்மா கோபித்துக்கொள்வார். துருவுக்கு, இரும்பு நாரை வினிகரில் ரெண்டு நாள் ஊறப்போட்டு வருகிற பழுப்புத் தண்ணி. துருவை வரைய வேண்டாம், துருவையே பூசலாம்.

இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷரில் பெண்டன் என்றொரு அருங்காட்சியகம் இருக்கிறது. ரோய் இங்லண்ட் (குடும்பப் பெயரே அதுதான்) என்ற ஆஸ்திரேலியர் 1925இல் அந்நாட்டுக்குப் போனார். வைக்கோல் கூரை வேய்ந்த பழைய வீடுகள் ஒவ்வொன்றாக மறைவதைப் பார்த்து, அவற்றை 1:76இல் அட்டையால் கட்டத் தொடங்கினார். 1954இல் பெண்டனை நிறுவினார். படங்களில் ஒவ்வொரு வீடும் அவ்வளவு அழகு. அந்த அழகுதான் எனக்கு இடிக்கிறது. உள்ளே இருந்தவர்களின் ஏழ்மை அதில் தெரிவதில்லை. லயத்தை அப்படிச் செய்து வைக்க எனக்கு மனசு வரவில்லை.

பெஸ்தாரி ஜெயா பக்கம் பாட்டி பால்மரம் வெட்டிய தோட்டத்தில் இன்று அளப்பதற்குச் சுவர் இல்லை. பாட்டியைத்தான் கேட்டேன். ரூம்பு எத்தனை அடி?

"அடிக்கணக்கு யாருக்குடா தெரியும்? மூணு பாய பக்கத்துல பக்கத்துல போடுவோம். கால்மாட்டுல குறுக்கால ஒண்ணு. மிச்சத்துல டிரங்குப் பொட்டி. அவ்ளோதான்."

பாய் மூன்றடிக்கு ஆறடி. ஒரு பக்கம் ஒன்பது அடி, மறுபக்கமும் ஒன்பது அடி. சுவரோரம் நடக்கிற சந்தைச் சேர்த்தால் பத்துக்குப் பத்து. 1:87இல் 35 மி.மீ.க்கு 35. தீப்பெட்டியைவிடச் சிறியது. அதில் ஏழு பேர் படுத்திருக்கிறார்கள்.

பக்கத்திலேயே தென்னமரம் தோட்டம். 1917இல் இந்நாட்டில் வணிகத்துக்காகச் செம்பனை முதலில் நடப்பட்டது அங்கேதான். நட்டவர் ஹென்றி ஃபோக்கோனியே, மலாயா பற்றிய நாவலுக்காக 1930இல் கோன்கூர் பரிசு பெற்ற பிரெஞ்சுக்காரர். இதெல்லாம் தேடினால் கிடைக்கிறது. தோட்டத்தின் பெயர் தமிழ். அந்தத் தமிழைப் பேசினவர்களின் அறை எவ்வளவு பெரியது என்பதற்குப் பாய்க்கணக்குதான் இருக்கிறது.

"இடிஞ்சு போனதப் போய் எதுக்குடா செய்யிற? நல்ல வீடா செய்யேன்" என்றார் பாட்டி. குன்றின் மேலே துரை பங்களாவையும் வை, மேசை நிறையும் என்று நண்பன் சொன்னான். பங்களாவுக்கு ஆகிற அட்டையில் ஒரு லயத்தையே கட்டிவிடலாம். வைக்கவில்லை.

மேசையில் ஓடுகிற பாதை, குவாங்கிலிருந்து பத்து ஆராங் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போன கிளைப்பாதையின் சாயலில் செய்தது. சுரங்கம் 1960இல் மூடப்பட்டது. ஆனால் பாட்டிக்கு ரயில் என்றால் சயாம்தான். ஜப்பானியர் மலாக்கா, தம்பின் பாதையின் தண்டவாளங்களைப் பெயர்த்து அந்த 415 கிலோமீட்டர் பாதைக்குக் கொண்டுபோனார்கள். தோட்டங்களிலிருந்து ஆள்களையும் கொண்டுபோனார்கள். பாட்டியின் சித்தப்பா திரும்பவில்லை. என் தண்டவாளத்தை விரலால் தொட்டுப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பிறகு லயத்தைக் குனிந்து பார்த்து, "பைப்பு எங்கடா?" என்றார். இருபது வீட்டுக்கு ஒரே பைப்பாம். விடியக்காலை நாலு மணிக்கே வாளியைப் போட்டு வரிசை பிடிக்கணுமாம்.

காது குடைகிற பட்ஸ் குச்சி உள்ளே குழாய். விட்டம் 2.5 மி.மீ.; பெருக்கினால் 22 செ.மீ., சின்ன வாளி. மூன்று மி.மீ. நீளத்துக்கு ஒன்றாக வெட்டிக்கொண்டிருக்கிறேன். பதினேழு ஆகிவிட்டது. பாட்டி கணக்குக்கு இன்னும் மூன்று வேண்டும்.