நெருப்பு வைத்தால் குளிரும் ஃப்ரிட்ஜ்! மூங்கில்துறைப்பட்டு வழியே கேரவனில் கல்வராயன் மலைக்கு...

தென்பெண்ணை ஆற்றங்கரையில் இருக்கும் மூங்கில்துறைப்பட்டு என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது கூட்டுறவு சர்க்கரை ஆலைதான். அரவை நேரத்தில் கரும்பு டிராக்டர்கள் வரிசைகட்டி நிற்கும். திருவண்ணாமலையிலிருந்து இந்த ஊர் வழியாகச் சங்கராபுரம், கள்ளக்குறிச்சி, கச்சிராயபாளையம் என்று போய், கோமுகி அணையைத் தாண்டினால் வெள்ளிமலைக்கு ஏறும் மலைப்பாதை வந்துவிடும்.

சினிமாக்காரர்களின் கேரவன் நமக்குத் தெரியும். படுக்கை, அடுப்பு, ஃப்ரிட்ஜ் வைத்த பழைய கேரவனில் குடும்பத்தோடு மலையேறுபவர்கள், சமவெளியிலேயே ஒரு கேள்விக்குப் பதில் கண்டுபிடித்துவிட வேண்டும். அந்த ஃப்ரிட்ஜ் எதில் ஓடப்போகிறது? உள்ளே குழந்தையின் பாலும் தாத்தாவின் இன்சுலினும் இருந்தால் இது சின்ன விஷயமில்லை. திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும்.

பழைய கேரவன் ஃப்ரிட்ஜ்கள் பலவற்றில் கம்ப்ரஸர் கிடையாது. 1922-ல் ஸ்வீடன் மாணவர்கள் பால்ட்ஸர் வான் பிளாட்டனும் கார்ல் முன்டர்ஸும் கண்டுபிடித்த முறை அது. அம்மோனியா கலந்த நீரைச் சூடாக்கினால் அம்மோனியா பிரிந்து, குளிர்ந்து திரவமாகும். அது மறுபடி ஆவியாகும்போது பெட்டிக்குள் இருக்கும் சூட்டை இழுத்துக்கொள்ளும். அந்த முதல் சூட்டை கரன்ட், பேட்டரி, கேஸ் மூன்றில் எது தந்தாலும் சரி.

கிளம்பும் முன் கரன்ட்: குளிர ஆரம்பிக்கவே பல மணி நேரம் ஆகும். முந்தின இரவே 230 வோல்ட் இணைப்பில் போட்டுவிடுங்கள். எர்த் சரியாக இருக்க வேண்டும்.

ஓடும்போது பேட்டரி: 12 வோல்ட்டில் சுமார் 10 ஆம்பியர் இழுக்கும். இன்ஜினை நிறுத்திவிட்டு ஃப்ரிட்ஜை மறந்தால், 100 ஆம்பியர்-அவர் பேட்டரி ஐந்து மணி நேரத்தில் பாதி காலி. அப்புறம் வண்டியே ஸ்டார்ட் ஆகாமல் போகலாம்.

மலையில் கேஸ்: சரிவில் நிறுத்தினால் குழாய்க்குள் திரவம் சரியாக ஓடாது, தீ எரிந்தாலும் குளிராது. கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் ஒன்று கையில் இருக்கட்டும். புகைபோக்கி அடைக்காமல் இருக்கிறதா என்று பாருங்கள். வண்டி ஓடும்போதும் பெட்ரோல் பங்க்கிலும் கேஸை மூடிவிடுங்கள். மூக்கைத் துளைக்கும் அம்மோனியா வாசனை வந்தால் ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டு, கதவைத் திறந்து எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள்.

பத்து நிமிட முன்யோசனையோடு, ஃப்ரிட்ஜுக்குள் ஒரு தெர்மாமீட்டரையும் வைத்துவிடுங்கள். இன்சுலினை ஐஸ் மீது நேராக வைக்காதீர்கள்; உறைந்தால் பயன்படாது. இவ்வளவையும் பார்த்துவிட்டால், பெரியார் அருவியில் நிம்மதியாக நனையலாம்!