கடுவனா, பெட்டையா?

தமிழ்த்துறை மலருக்குப் பூனையைப் பற்றி ஒரு கட்டுரையா என்று மலர்க்குழுவினர் புருவம் உயர்த்தக்கூடும். மரபியல் குறித்து ஆய்வுரை தருவதாகவே நாம் முதலில் ஒப்புக்கொண்டிருந்தோம். ஆயினும், சென்ற ஆண்டு நம் இல்லத்தில் எழுந்த ஒரு சிறு வழக்கு நெஞ்சை விட்டு அகலாமையால் அதனையே எழுதத் துணிந்தோம்.

கல்லூரி விடுதியின் சமையற்கட்டை அடுத்த விறகுக் கொட்டகையில் பூனையொன்று குட்டிகளை ஈன்றிருந்தது. எஞ்சியவை இரண்டு. ஒன்று செம்பழுப்பு நிறத்தது. மற்றொன்று வெண்மை, கருமை, செம்மை மூன்றும் திட்டுத்திட்டாய் அமைந்தது. "சார், ஒண்ணையாவது கொண்டு போங்க. நாய் விட்டுவைக்காது" என்றார் சமையற்காரர். இல்லத்தில் கலந்து சொல்வதாகக் கூறி வந்தோம். அன்றிரவு உணவுக்கு அமர்ந்தபோது வழக்கு தொடங்கியது. கடுவனை எடுப்பதா, பெட்டையை எடுப்பதா?

ஆண்பூனையைக் கடுவன் என்பது நம் பேச்சு வழக்கு. தொல்காப்பியர் மரபியலில் ஆண்பாற் பெயர்கள் பதினைந்தனுள் கடுவனையும் ஒன்றாக வைத்தார். ஆயின் அதனை ஆண்குரங்குக்கு உரியதாகக் கூறினார். வெருகைப் பூசை என்று வழங்குவதை விலக்க வேண்டா என்றும், அதன் இளமைப் பெயர் குட்டி என்றும் உரைத்தார். குரங்கின் பெயரைப் பூனைக்கு எக்காலத்தில் யார் கொடுத்தார்களோ! மாணவர் எவரேனும் இதனை ஆய்வுப் பொருளாகக் கொள்ளலாம். நிற்க.

நம் உம்மா ஐயத்திற்கு இடமின்றித் தீர்ப்புக் கூறிவிட்டார்கள். "பொட்டை வேண்டாம். வருஷத்துக்கு ரெண்டு மூணு பேறுகாலம் யாரு பார்க்கிறது?" அதில் உண்மை உண்டு. பெண்பூனை நான்கைந்து மாதத்திலேயே பருவமெய்தக்கூடும். சூல் ஏறத்தாழ ஒன்பது வாரம். பாலூட்டும் காலத்திலேயே மீண்டும் சூல்கொள்ளவும் அதனால் இயலும். உம்மா அத்துடன் நிறுத்தியிருக்கலாம். சிரித்துக்கொண்டே, "இந்த வீட்டுல பொட்டைப் புள்ளைங்க போதாதா?" என்றும் சேர்த்துக்கொண்டார்கள். நமக்கு மூன்றும் பெண்மக்கள்.

எல்லாரும் சிரித்தனர், நாமும் சிரித்தோம். பதின்மூன்று வயதான இளையவள் மட்டும் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். உறங்கப் போகுமுன் நம் மேசையருகே வந்து நின்று, "வாப்பா, நான் பிறந்தப்பவும் இப்படித்தான் சொன்னாங்களா?" என்று கேட்டாள். சொல்லை வைத்தே பிழைக்கும் நமக்கு அவ்வேளையில் ஒரு சொல் கிட்டவில்லை. அவள் பிறந்த அன்று மருத்துவமனைத் தாழ்வாரத்தில் உறவினர் சிலர் நமக்கு ஆறுதல் கூறினர் என்பதும், ஆறுதல் எதற்கு என்று அவர்களை நாம் திருப்பிக் கேட்கவில்லை என்பதும் நினைவுக்கு வந்தன. "இல்லைம்மா" என்றோம். அது பொய்.

நாமும் அன்று கடுவனுக்கே மனத்தளவில் இசைந்திருந்தோம். அதற்குக் காரணம் பழையது.

நாம் வளர்ந்தது மேலப்பாளையத்தில். பாட்டனார் காலத்தில் முன்கட்டில் இரண்டு தறிகள் ஓடியனவாம். நமக்கு நினைவு தெரிந்தபோது அவை ஓய்ந்து, தறிக்குழியில் விறகு அடைந்து கிடந்தது. 1988-ஆம் ஆண்டு, நமக்கு ஒன்பது வயது, வீட்டுப் பூனை அக்குழிக்குள் நான்கு குட்டிகள் ஈன்றது. வாப்பா இரண்டு வாரம் பொறுத்தார்கள். பின்னர், மீன் சந்தைப் பக்கம் கொண்டுபோய் விடும்படி காக்காவிடம் கூறினார்கள். அங்கேயானால் பிழைத்துக்கொள்ளும் என்பது அவர்கள் கருத்து. காக்கா மிதிவண்டியை ஓட்ட, நாம் பின்னால் சாக்கை மடியில் ஏந்தி அமர்ந்திருந்தோம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சந்தை வரை போகச் சோம்பி, தாமிரபரணிக் கரை நாணற்புதர் ஓரம் சாக்கை அவிழ்த்துவிட்டுத் திரும்பினோம். சந்தையில் விட்டதாக வீட்டில் சொன்னோம். தாய்ப்பூனை மூன்று இரவுகள் தறிக்குழிக்கும் வாசலுக்குமாக நடந்து கத்தியது.

அடுத்த சில வாரங்களில் மதரஸாவில் உஸ்தாத் ஒரு நபிமொழியை விளக்கினார்கள். பூனையை அடைத்துவைத்து, உணவும் இடாமல், தானே இரைதேடவும் விடாமல் சாகவிட்ட பெண்ணொருத்தி அதன் பொருட்டு நரகம் புகுந்தாள் என்பது அதன் கருத்து. நாம் அடைக்கவில்லை, அவிழ்த்துத்தானே விட்டோம் என்று ஒன்பது வயது மூளை வாதாடிப் பார்த்தது. நடக்கவும் தேறாத குட்டிகளுக்கு அவிழ்த்துவிடுதல் என்ன விடுதலை? பல இரவுகள் உறக்கம் பிடிக்கவில்லை. யாரிடமும் சொன்னதில்லை.

இனிக் கடுவன்தான் என்று வீட்டில் விதியாயிற்று. 1990-இல் ஒருவன் வந்தான். எட்டு மாதம் அழகாயிருந்தான். பிறகு எல்லை குறிக்கத் தொடங்கினான். அரிசி மூட்டை, கதவு மூலை, ஒருநாள் மடித்துவைத்த தொழுகை விரிப்பு. அந்நெடி சீகைக்காய்க்கும் சலவைக்காரத்திற்கும் அடங்குவதன்று. இரவெல்லாம் கூரைகளின்மேல் போர். காது கிழிந்து வந்தான்; கால் நொண்டி வந்தான்; ஒருநாள் வரவில்லை. பெட்டையால் நேர்ந்த துன்பம் வீட்டுக்குள் கத்தியது, கடுவனால் நேர்ந்தது எங்கோ கண்காணாமல் முடிந்தது. அவ்வளவே வேறுபாடு.

மறுநாள் இவ்வழக்கை விலங்கியல் துறை நண்பரிடம் சொன்னோம். அவர் குட்டிகளைத் தூக்கிப் பாராமலேயே, மூவண்ணத்தது பெட்டை, செம்பழுப்பு கடுவனாக இருக்கவே வாய்ப்பு மிகுதி என்றார். செம்மை நிறத்தை ஆக்கும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றே. ஆதலின் செம்மை அல்லது கருமை, இரண்டில் ஒன்றுதான் வாய்க்கும். பெண்ணுக்கு இரண்டு எக்ஸ்; ஓர் அணுவில் ஒன்று உறங்க மற்றொன்று விழித்திருப்பதால் இரு நிறமும் திட்டுத்திட்டாய் வெளிப்படுகின்றன. உறங்கும் அந்தக் குரோமோசோமைக் கரும்புள்ளியாய் 1949-இல் கனடாவில் மர்ரே பார் என்னும் அறிஞர் கண்டதும் பெண்பூனையின் நரம்பணுவிலேதானாம். ஆண் மூவண்ணம் மிக அரிது.

"குணம்?" என்று கேட்டோம். அவர் நகைத்தார். இரண்டாம் வாரம் முதல் ஏழாம் வாரம் வரை மனிதர் கை பட்டுப் பழகிய குட்டியே வீட்டோடு ஒட்டும், ஆண் பெண் என்பது அதற்குப் பிற்பட்டது என்றார். தக்க வயதில் கருத்தடை அறுவை செய்துவிட்டால் கடுவனின் நெடியும் ஊர்சுற்றலும் பெரும்பாலும் அடங்கும். பெட்டைக்கு ஈற்றே இல்லை. கடுவனுக்குச் சிறிய அறுவை, பெட்டைக்கு வயிற்றைத் திறக்க வேண்டும் என்பது ஒன்றே கருதத்தக்க வேறுபாடு.

அறுவை ஆகுமா என்ற ஐயம் உம்மாவுக்கு. அறிமுகமான ஆலிம் ஒருவரிடம் கேட்டோம். அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு என்றும், உயிருக்குக் கேடின்றி, பெருந்தீங்கைத் தவிர்க்கும் பொருட்டெனில் இசைவளித்தோர் உளர் என்றும் சொன்னார்கள். பின்பு, "பிறக்கும் குட்டிகளை என்ன செய்வதாக இருக்கிறீர்கள்?" என்று நம்மையே கேட்டார்கள். நாணற்புதர் நம் கண்முன் வந்தது. அன்றிரவு அனைவரும் இருக்கையில் 1988-இல் நடந்ததைச் சொன்னோம். உம்மா நெடுநேரம் பேசவில்லை. பின்பு இளையவளைப் பார்த்து, "உனக்கு எது பிடிக்குதோ அதை எடுத்துட்டு வா" என்றார்கள்.

மூவண்ணத்தாள் வந்தாள். ஹுரைரா என்று பெயரிட்டாள் இளையவள். அபூஹுரைரா (ரலி) அவர்களின் பெயரில் உள்ள அச்சொல் பூனைக்குட்டியைக் குறிப்பது. அரபு இலக்கணத்தில் அது பெண்பால் என்பதை அவளுக்குச் சொன்னபோது, அதை ஒரு தாளில் எழுதி வாப்பாவின் கையொப்பமும் வேண்டும் என்றாள். இட்டுக்கொடுத்தோம். ஆறாம் மாதத்தில் அறுவை நடந்தது. தையல் போட்ட அன்றிரவு அதனைத் தம் பழைய துப்பட்டியில் பொதிந்து, மடியில் வைத்து விழித்திருந்தவர்கள் உம்மாதான்.

செம்பழுப்புக் கடுவன் விடுதியிலேயே தங்கிவிட்டான். நாய்களுக்குத் தப்பி வளர்ந்துவிட்டான். அவனையும் அறுவைக்குக் கொண்டுசெல்லலாம் என்று சமையற்காரரிடம் இருமுறை சொல்லிவைத்தோம். மீன் கழுவும் வேளைக்குத் தவறாமல் வருகிறான். இடக்காது கிழிந்திருக்கிறது. கையை நீட்டினால் சுவரேறிப் போய்விடுகிறான்.