ஜான் பவ்ரிங்: சில குறிப்புகள்

பவ்ரிங் எழுதிய ஞானப்பாட்டுகளில் இன்றும் பாடப்படுபவற்றில் ஒன்று, கிறிஸ்துவின் சிலுவையில் மேன்மை பாராட்டும் பாட்டு. மக்காவோவில் தீயில் எரிந்து முகப்பு மட்டும் நிற்கும் புனித பவுல் ஆலயத்தின் சிலுவையைப் பார்த்து எழுதினார் என்று ஒரு கதை உலவுகிறது. அழகான கதை, ஆனால் நடந்திருக்க முடியாது. பாட்டு அச்சானது 1825இல். ஆலயம் எரிந்தது 1835இல். அவர் சீனாவுக்குப் போனதே 1849இல்தான்.

*

திரித்துவத்தை ஏற்காத யூனிட்டேரியன் சபைக்காரர் அவர். அவரைத் தங்கள் சபையில் சேர்த்திருக்கவே மாட்டாதவர்களும் அந்தப் பாட்டை மனமுருகிப் பாடுகிறார்கள். எனக்கு இது பெரிய ஆறுதல்.

*

இங்கிலாந்தின் எக்ஸிட்டர்காரர், 1792இல் பிறந்தவர். தத்துவஞானி பெந்தாமின் சீடர், குருவின் நூல்களைத் தொகுத்து வெளியிட்டவரும் அவரே. ரஷ்யக் கவிதைகளை ஆங்கிலத்தில் தந்தார். நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். தடையில்லாத வணிகம் நாடுகளுக்கு நடுவே சமாதானத்தைக் கொண்டுவரும் என்று வேதவாக்காக நம்பினார்.

*

1854இல் பிரிட்டிஷ் காலனியான ஹாங்காங்கின் ஆளுநர் ஆனார். அடுத்த ஆண்டு சியாமில் (இன்றைய தாய்லாந்து) மன்னர் மோங்குட்டின் அரசோடு பேசி, இறக்குமதி வரியை 3 சதவீதத்துக்குக் குறைக்கும் ஒப்பந்தம் செய்தார். அங்கே குண்டு வெடிக்கவில்லை.

சீனத் துறைமுகமான காண்டனில் வெடித்தது. 1856 அக்டோபரில் ‘ஆரோ’ என்ற படகில் ஏறிய சீன அதிகாரிகள் மாலுமிகளைப் பிடித்துப்போனார்கள். பிரிட்டிஷ் கொடிக்கு அவமானம் என்று தூதர் ஹாரி பார்க்ஸ் கொதித்தார். ஆனால் அந்தக் கொடியைப் பறக்கவிட உரிமை தந்த ஹாங்காங் பதிவு சில நாட்களுக்கு முன்பே காலாவதியாகியிருந்தது. அது பவ்ரிங்குக்குத் தெரியும். பார்க்ஸுக்கு எழுதிய கடிதத்திலேயே ஒப்புக்கொள்கிறார். சீன ஆணையர் யேயிடம் மட்டும் சொல்லவில்லை. காண்டன் மீது பீரங்கிகள் முழங்கின. இரண்டாம் அபினிப் போர் இப்படித்தான் தொடங்கியது.

பக்தி ஒரு பக்கம், பதவி ஒரு பக்கம் என்று அவரைப் பிரித்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. சந்தை திறப்பதும் தேவ சித்தம் என்று நம்பியவர், மூடிய கதவை உடைப்பதையும் ஊழியமாகவே கண்டிருப்பார். அந்த நம்பிக்கைதான் என்னைப் பயமுறுத்துகிறது.

*

லண்டன் நாடாளுமன்றத்தில் அவரைக் கண்டித்துத் தீர்மானம் கொண்டுவந்தவர் ரிச்சர்ட் காப்டன், தடையற்ற வணிக இயக்கத்தின் பழைய தோழர். 16 வாக்கு வித்தியாசத்தில் அரசு தோற்றது. பிரதமர் பாமர்ஸ்டன் தேர்தலுக்குப் போய் வென்றார். போர் தொடர்ந்தது.

*

1857 ஜனவரி. ஹாங்காங்கில் ஐரோப்பியர் சாப்பிட்ட ரொட்டியில் ஆர்சனிக் நஞ்சு. பவ்ரிங்கின் மனைவி மரியாவும் பாதிக்கப்பட்டார். அடுத்த ஆண்டு இறந்தார். ரொட்டிக்கடைக்காரர் சியோங் ஆலமை விசாரணையின்றித் தூக்கிலிடச் சொல்லிக் கூச்சல் எழுந்தது. பவ்ரிங் இணங்கவில்லை. வழக்கு நடந்தது, ஜூரி விடுவித்தது. அவர் வாழ்க்கையில் நான் மனதார மதிக்கும் முடிவு இது. ஆனால் விடுதலையான சியோங்கை மறுபடி காவலில் வைத்து, காலனியை விட்டே வெளியேற்றியதும் அதே பவ்ரிங்கின் அரசுதான்.