நாற்பதுக்கு முப்பது

போன மாசம் ஊருக்குப் போயிருந்தப்ப ஒரு கொத்தனார் எனக்கு எட்டாங்கிளாஸ் கணக்குப் பாடம் எடுத்தார். இன்ஜினியரிங் டிகிரி, பெங்களூர்ல பொட்டி தட்டுற உத்தியோகம் எல்லாம் இருந்தும் வாயை மூடிக்கிட்டுக் கேட்டேன். அந்த சோகக்கதைதான் இது.

எங்க ஊரு சின்னாளப்பட்டி. திண்டுக்கல்லிலிருந்து மதுரை போற வழியில, காந்திகிராமம் பக்கம். சுங்குடிச் சேலைன்னா உங்க வீட்டு அம்மணிகளுக்குத் தெரியும். அப்பா தறி நெய்தவர். ஆயுசுக்கும் சேர்த்து வச்ச காசுல ஒரு மனை பார்த்தார். "நீ ஒரு தடவை அளந்து பாத்துருப்பா"ன்னு என்கிட்டதான் சொன்னார்.

டேப் பிடிச்சேன். எதிரெதிர்ப் பக்கம் 40 அடி, 40 அடி. மத்த ரெண்டும் 30, 30. "செவ்வகம்ப்பா. 1200 சதுர அடி, கரெக்ட்!"னு கெத்தா சொன்னேன். சதுர அடிக் கணக்குல பணமும் கொடுத்தாச்சு.

வாணம் தோண்ட வந்த கொத்தனார், கயிறு கட்டுறதுக்கு முன்னாடி கேட்டார்: "தம்பி, மூலைக்கு மூலை பிடிச்சுப் பாத்தீங்களா?"

பார்க்கலை. பிடிச்சோம். ஒரு மூலைவிட்டம் 44 அடி, இன்னொண்ணு 55 அடிக்குக் கொஞ்சம் மேல. செவ்வகமா இருந்தா ரெண்டுமே 50 வந்திருக்கணும். ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பரப்பு சுமார் 1166 தான். 34 சதுர அடி காணோம். ஒரு பாத்ரூம் போச்சு!

எதிர்ப்பக்கங்கள் சமம்னா அது இணைகரம், அவ்வளவுதான். அதுல கோணம் எல்லாம் 90 டிகிரியா இருந்தா செவ்வகம். நாலு பக்கமும் சமமா இருந்தா சாய்சதுரம். ரெண்டும் சேர்ந்தா சதுரம். நம்ம பாஷையில சொன்னா இணைகரம்தான் பேரண்ட் கிளாஸ். நான் அப்பனைப் பார்த்துட்டு பிள்ளை பேரைச் சொல்லியிருக்கேன். பக்கத்தை மட்டும் அளந்தா பிள்ளை யாருன்னு தெரியாது, மூலைவிட்டம்தான் காட்டிக்கொடுக்கும். இணைகரத்துல மூலைவிட்டங்கள் சமமா இருந்தா செவ்வகம், செங்குத்தா வெட்டிக்கிட்டா சாய்சதுரம், ரெண்டும்னா சதுரம்.

எதிர்ப்பக்கங்களைக் கூட்டி, பாதியாக்கி, பெருக்குறதுதான் பல காலமா நிலம் அளக்குற குறுக்குவழி. அது தோராயம்தான்னு பிரம்மகுப்தர் 628-லேயே எழுதி வச்சுட்டார். நிஜத்துல அது செவ்வகத்துக்கு மட்டும்தான் சரியா வரும். மத்த எந்த நாற்கரத்துக்கும் கூடுதலாத்தான் காட்டும். அதாவது, நஷ்டம் எப்பவும் வாங்குறவனுக்கு!

அப்பாகிட்ட சொல்ல ரெண்டு நாள் ஆச்சு. கேட்டுட்டு, "கட்டம் போட்ட சேலையை மூலையப் பிடிச்சு இழுத்தா கட்டம் கோணிக்கும்ல, அந்த மாதிரியா?"ன்னார். அதே மாதிரிதான். நூல் அளவு மாறாது, கட்டம் மட்டும் சாய்ஞ்சிடும். அவருக்கு இது தறியிலேயே தெரிஞ்சிருக்கு.

"அப்புறம் ஏம்ப்பா அன்னைக்கே சொல்லலை?"

"நீ படிச்சவன், அளந்துட்டேன்னு சொன்ன..."

அதுக்கு மேல நான் எதுவும் பேசலை.

கொத்தனார் உள்ளுக்குள்ள செவ்வகமாத்தான் வீட்டுக்குக் கயிறு கட்டினார். ரெண்டு பக்கமும் மிஞ்சின முக்கோணத்துல அம்மா முருங்கை வைக்கப் போறாங்களாம்.

மக்களே, மனை வாங்குறீங்களா? மூலைக்கு மூலை பிடிங்க.