புதூர்நாட்டுக்கு ஒரு வண்டி

"அக்கா, ஒரு பழைய பொலிரோ வாங்கலாம்னு இருக்கேன். நீ வந்து பார்த்துட்டுச் சொல்லு."

போனில் தங்கை இப்படிச் சொன்னதும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஒரு புடவை எடுக்க நாலு கடை ஏறி இறங்கி, கடைசியில், "நீயே பார்த்து எடுத்துடு அக்கா" என்று என் தலையில் கட்டுகிறவள் அவள்! ஆனால், அடுத்து அவள் சொன்னதைக் கேட்டதும் என் சிரிப்பு அடங்கிவிட்டது.

தங்கை, ஜவ்வாது மலையில் புதூர்நாட்டில் ஆசிரியை. அவள் வீட்டுக்காரருக்கு ஓசூரில் வேலை. சனி, ஞாயிறுதான் வருவார். ஆறு வயதுப் பையனுக்கு மழைக்காலம் வந்தால் இழுப்பும் கூடவே வந்துவிடும். போன ஐப்பசியில் ஓர் இரவு மூச்சு விட முடியாமல் குழந்தை தவித்திருக்கிறான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நெபுலைசர் வைத்து, "எதற்கும் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்" என்றிருக்கிறார்கள். ஆம்புலன்ஸ் ஒரு பிரசவ கேஸுடன் கீழே போயிருந்த நேரம். கடைசியில் பக்கத்து வீட்டுக்காரரின் பிக்கப்பில், புளி மூட்டைகளுக்கு நடுவே, தார்ப்பாயைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு திருப்பத்தூர் போய்ச் சேர்ந்திருக்கிறாள்.

"பகலுக்கு எனக்கு பஸ் போதும் அக்கா. ராத்திரிக்குத்தான் வண்டி வேணும்" என்றாள். இந்த ஒரு வார்த்தைதான் பிறகு எங்களுக்கு வழிகாட்டியாக இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு சென்னையில் ரயில் ஏறினேன். விடியற்காலை ஜோலார்பேட்டை. அங்கிருந்து பஸ்ஸில் திருப்பத்தூர். வேலூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பரில் தனி மாவட்டத்தின் தலைநகரான ஊர் இது. சந்தன மரத்துக்கும் பெயர் போனது. தங்கை முதல் நாளே கீழே இறங்கி வந்து காத்திருந்தாள். கூடவே அவளுக்குத் தெரிந்த மெக்கானிக் பாய். வண்டி பார்க்கப் போகிறவர்கள் நகை நட்டைக் குறைத்துக்கொண்டாலும் பரவாயில்லை, ஒரு நல்ல மெக்கானிக்கைக் கூட்டிக்கொள்ளாமல் போகாதீர்கள்!

முதலில் ஒரு புரோக்கர் காட்டிய வண்டி. சென்னை நம்பர். கண்ணாடி போல் பளபளப்பு; உள்ளே ஊதுவத்தி வாசனை. விலை 3,90,000 ரூபாய்தான். "அட, இதையே முடிச்சிடலாமே!" என்று தங்கையின் காதில் கிசுகிசுத்தேன். பாய் ஒன்றும் பேசவில்லை. முன் சீட்டின் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துக் காட்டினார். அடிப்பாகத்தில் காய்ந்த சேற்றுக் கறை, ஒரு கோடு போட்ட மாதிரி! சீட்டுக்கு அடியில் இருக்கும் இரும்புப் பட்டை முழுவதும் துரு.

"இது தண்ணியில முழுகின வண்டிம்மா. ஊதுவத்தி ஏத்தினா சேத்து வாசனை போயிடுமா?" என்றார்.

2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையிலும் சென்னையில் எத்தனையோ வண்டிகள் தண்ணீரில் நின்றது நமக்குத் தெரியுமே. அவற்றில் சில கழுவித் துடைத்துக்கொண்டு வெளியூருக்கு வந்துவிடுகின்றனவாம். இன்றைக்கு ஓடும், மின்சார ஒயர்கள் என்றைக்குக் காலை வாரும் என்று சொல்ல முடியாது. அது மலைப்பாதையில் ஒரு நடுராத்திரியாக இருந்தால்?

"டில்லி வண்டி இன்னும் மலிவு" என்றார் புரோக்கர். பத்து வயது தாண்டிய டீசல் வண்டிகள் டில்லி வட்டாரத்தில் ஓடக் கூடாது என்று 2015ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும், 2018ல் உச்ச நீதிமன்றமும் சொன்ன பிறகு, அங்கிருந்து பல வண்டிகள் மற்ற மாநிலங்களுக்கு விலைக்குப் போயின. அப்படி வருவதை வாங்கினால், அந்த ஊர் ஆர்.டி.ஓ.வின் தடையில்லாச் சான்று, இங்கே மறுபதிவு, இங்கத்திய வரி என்று செலவு ஒவ்வொன்றாகக் கிளம்பும். மலிவு எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்! கும்பிடு போட்டுவிட்டு வந்தோம்.

இரண்டாவது வண்டி, திருப்பத்தூரிலேயே ஓர் ஓய்வுபெற்ற அரசு ஊழியருடையது. 2015ஆம் வருஷத்துப் பொலிரோ. வெள்ளை நிறம் மங்கி, கதவில் இரண்டு கீறலோடு நின்றது. 5,10,000 ரூபாய் சொன்னார். எனக்குப் பிடிக்கவே இல்லை. பாய்க்குத்தான் பிடித்தது!

"நாங்கள் வருகிற வரைக்கும் ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். போனவுடன் பானெட்டைத் தொட்டுப் பார்த்தார், ஜில்லென்று இருந்தது. சூடேறிய எஞ்சின் எல்லாமே ஒழுங்காகத்தான் கிளம்புமாம். குளிர்ந்த எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது என்பதுதான் பரீட்சை. சாவியைத் திருப்பியதும் கொஞ்சம் முனகிவிட்டுக் கிளம்பியது. "பேட்டரி சோர்ந்திருக்கு. எஞ்சின் நல்லா இருக்கு" என்றார். புகையின் நிறத்தைப் பார்த்தார். நீலமாக வந்தால் எஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது என்று அர்த்தம். அடியில் படுத்துச் சேஸிஸில் வெல்டிங் செய்த தழும்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துத் தேடினார். சேஸிஸ் நம்பரை ஆர்.சி.யோடு ஒப்பிட்டார். கிலோமீட்டர் முள்ளை மட்டும் நம்பாமல், பிரேக் மிதியின் ரப்பர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்தார்.

"எல்லாம் சரி. மலை ஏறிப் பார்த்துட்டுத்தான் விலை பேசுவோம். நீங்களும் வாங்க சார்" என்றார் பாய். வண்டிக்காரரும் பெரிய மனதோடு ஏறிக்கொண்டார்.

ஆக, விலை பேசப் போன நான் ஜவ்வாது மலைக்கு உல்லாசப் பயணமே போய்விட்டேன்!

ஊரைத் தாண்டி மலையடிவாரம் வந்ததும் காற்று மாறுகிறது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். வளைவுக்கு வளைவு கீழே திருப்பத்தூர்ச் சமவெளி சின்னதாகிக்கொண்டே போகிறது. குரங்குகள் கைப்பிடிச் சுவரில் குடும்பத்தோடு உட்கார்ந்து நம்மை வேடிக்கை பார்க்கின்றன. சரியாக ஒரு கொண்டை ஊசி வளைவின் ஏற்றத்தில் பாய் வண்டியை நிறுத்திவிட்டார். எனக்கு வயிற்றைக் கலக்கியது! மறுபடி கிளப்பியபோது வண்டி ஏறியது. ஆனால், கருகிய வாசனை ஒன்று வந்தது. "கிளட்ச் தேய்ஞ்சு போச்சு" என்றார். வண்டிக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வழியில் எல்லாக் கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டச் சொன்னாள் தங்கை. பின்கதவு ரப்பர் போயிருந்தால் டீசல் புகை உள்ளே வரும். இழுப்புள்ள குழந்தைக்கு அதைவிடக் கெடுதல் வேறென்ன? நல்ல வேளை, புகை வாசனை இல்லை. பெற்றவளுக்குத் தோன்றியது மெக்கானிக்குக்குக் கூடத் தோன்றவில்லை பாருங்கள்! (பின்னால் பக்கவாட்டு சீட்டில் உட்கார்ந்து வந்த எனக்குத்தான் குமட்டிக்கொண்டு வந்தது. மலைப்பாதையில் குழந்தைகளை முன்னோக்கிய சீட்டில் உட்கார வைத்து, தூரத்தில் பார்க்கச் சொல்லுங்கள். கிளம்புமுன் வயிறு முட்டச் சாப்பாடும் வேண்டாம்.)

புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்று இந்த மலையில் ஊர்களை நாடு நாடாகத்தான் சொல்கிறார்கள். பெரும்பாலும் மலையாளி பழங்குடி மக்கள். சாமை, தேன், புளி, பலா இவைதான் இவர்கள் செல்வம். தங்கை வீட்டில் சாமைச் சோறும் புளிக்குழம்பும் சாப்பிட்டேன். ஆஹா! அரிசிச் சோறு மறந்தே போயிற்று.

வண்டியைப் பார்க்கத் தெருவே கூடிவிட்டது. "எத்தினி பேரு ஏறலாம் டீச்சரம்மா?" என்று கேட்டார் ஒரு பாட்டி. "வாடகைக்கு ஓட்டினா கடன் அடைஞ்சிடுமே" என்றார் இன்னொருவர். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. பாய் தலையை ஆட்டினார். வெள்ளை போர்டு வண்டியைக் கூலிக்கு ஓட்டுவது சட்டப்படி குற்றம். ஏதாவது ஆகிவிட்டால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிடும். வாடகை வருமானத்தைக் கணக்கில் சேர்த்து விலை கொடுக்கவே கூடாது என்றார்.

எத்தனை பேர் என்ற பாட்டியின் கேள்வி மட்டும் என் மனதில் நின்றது. 2022 ஏப்ரல் 2 அன்று இதே புதூர்நாட்டுப் பகுதியில், செம்பரை மலைப்பாதையில், கோயிலுக்குப் போனவர்களின் வேன் பள்ளத்தில் கவிழ்ந்து 11 பேர் இறந்தார்கள். தங்கை அந்தப் பாட்டியிடம் சொன்னாள்: "ஆஸ்பத்திரிக்குன்னா எந்த நேரமும் கூப்பிடுங்க பாட்டி. ஆனா ஆர்.சி.யில போட்டிருக்கிற ஏழு பேருக்கு மேல ஒருத்தரும் கிடையாது."

மலையில் ஒரு வண்டி என்னவெல்லாம் செய்யும் என்பதற்கு நல்ல கதையும் உண்டு. ஜவ்வாது மலைப் பகுதியின் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி, குழந்தை பிறந்த சில நாட்களுக்குள்ளாகவே காரில் சென்னை போய் 2023 நவம்பரில் சிவில் நீதிபதி தேர்வு எழுதினார். 2024ல் அவர் தேர்வானதைத் தமிழ்நாடே கொண்டாடியது.

இருட்டிய பிறகுதான் இறங்கினோம். வேண்டுமென்றேதான்! இந்த முறை ஓட்டியவள் தங்கை. ராத்திரியில் ஓட்டப் போகிறவள் அவள்தானே? முதலில் மிதி எட்டவில்லை. முதுகுக்கு ஒரு தலையணை வைத்ததும் சரியாயிற்று. "நியூட்ரல்ல விடாதேம்மா. எந்த கியர்ல ஏறினோமோ அந்த கியர்லயே இறங்கு. எஞ்சினே வண்டியைப் பிடிக்கும்" என்று பாய் சொல்லிக்கொண்டே வந்தார். பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடாகிப் பிடிப்பு விட்டுவிடுமாம்.

அப்பப்பா, அந்த இருட்டு! இதே ஜவ்வாது மலையில் காவலூரில்தான் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1986 முதல் அங்கே 2.3 மீட்டர் தொலைநோக்கி நட்சத்திரம் பார்க்கிறது. விஞ்ஞானிகளுக்கு வரமாக இருக்கிற இருட்டு, குழந்தையை மடியில் வைத்திருக்கும் தாய்க்கு எப்படி இருக்கும்! ஹெட்லைட் மஞ்சளாக நாலடிதான் தெரிந்தது. ஐந்தாறு வளைவு தாண்டியதும் பிரேக் சூட்டு வாசனை. வண்டிக்காரரே, "அம்மா, கொஞ்சம் ஓரமா நிறுத்துங்க" என்று சொல்லிவிட்டார்!

திருப்பத்தூரில் டீக்கடை பெஞ்சில் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தோம். பாய் சொல்லச் சொல்ல எழுதினேன். நான்கு டயர் 22,000. (டயரின் ஓரத்தில் கடைசியில் இருக்கும் நாலு இலக்கம்தான் அதன் பிறந்த தேதி. 2318 என்றால் 2018ஆம் வருஷத்து 23வது வாரம்.) கிளட்ச் 12,000. பிரேக் 9,000. முன்பக்கப் புஷ் வகையறா 8,000. பேட்டரி 6,500. ஹெட்லைட் 4,000. இன்னும் இருபது நாளில் முடியப் போகும் இன்ஷூரன்ஸுக்கு 15,000. பெயர் மாற்றச் செலவு 3,000. ஆக, 79,500 ரூபாய்! கதவுக் கீறலும் மங்கிய பெயின்டும் பட்டியலில் வரவே இல்லை. ராத்திரியில் கீறல் யார் கண்ணுக்குத் தெரியப் போகிறது?

தங்கையிடம் சீட்டுப் பணம் 2,80,000; கூட்டுறவுச் சங்கக் கடன் 2,20,000. மொத்தம் ஐந்து லட்சம். நகையைத் தொடக் கூடாது என்பது என் கண்டிஷன். ஐந்து லட்சத்தையும் விலையாகக் கொடுத்துவிட்டால் தேய்ந்த பிரேக்கோடுதான் மலை ஏற வேண்டும். வாங்கும் விலையும் ரிப்பேரும் சேர்ந்துதான் வண்டியின் விலை.

நான்கு லட்சத்தில் ஆரம்பித்தோம். கூடவே வந்து வாசனை பிடித்தவராயிற்றே, வண்டிக்காரர் அதிகம் மறுக்கவில்லை. 4,20,000ல் முடிந்தது. ஆர்.சி.யில் இன்னும் பாங்க் கடன் பதிந்திருந்ததால், ரசீது வாங்கிக்கொண்டு 10,000 மட்டும் முன்பணம். பாங்க் சான்றும் படிவம் 35ம் கைக்கு வந்து, படிவம் 29, 30ல் அவர் கையெழுத்துப் போட்ட பிறகே மீதி. அபராத பாக்கி இருக்கிறதா என்று எம்பரிவாகனில் பார்த்துக்கொண்டோம். சகோதரிகளே, இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றக் கேட்க மறக்காதீர்கள். 15 வயதானால் ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். ஆகவே இந்த வண்டிக்கு 2030 வரைதான் கவலையில்லை என்பதையும் மனதில் வைத்துத்தான் விலை பேசினோம்.

கணக்குப் பார்த்தால், ஐந்து லட்சத்தில் மிச்சம் 500 ரூபாய்! அதில் மாலை, பூசணிக்காய், நான்கு எலுமிச்சம்பழம் வாங்கிப் பூஜை போட்டுவிட்டோம்.

வண்டி புதூர்நாடு போய்ச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. வாரத்தில் ஒரு நாள் இருட்டிய பிறகு, பையனைத் தூக்கத்துக்குப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, இரண்டு வளைவு இறங்கி ஏறிப் பழகுகிறாளாம் தங்கை. நேற்று போன் செய்து, "ராத்திரி வேலை இன்னும் வரலே அக்கா" என்றாள்.

வராமலே இருக்கட்டும். வந்தாலும் வண்டி வாசலில் நிற்கிறது. எனக்கும் இங்கே தூக்கம் வருகிறது.