இடக்காலின் வேலை

ஜார்ஜ் டவுனில், ஜெலுத்தோங் பகுதியில் வாழும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரின் பழைய புரோட்டோன் இஸ்வரா, ஒருநாள் மாலை பாயா தெருபோங் மேட்டில் ஏற மறுத்து நின்றது. இயந்திரம் இரைந்தது, சக்கரம் அசையவில்லை. எண்ணெய் கருகிய வாடை, நோய் தானியங்கிக் கியர்ப்பெட்டியில்தான் என்பதைச் சொல்லிவிட்டது.

பட்டறைக்காரர் அவரிடம் படித்தவர். "ஐயா, இதைப் பிரித்துச் செப்பனிட்டால் செலவு காரின் விலையைத் தொட்டுவிடும். கைக்கியராக மாற்றிவிடலாம், பாதிகூட ஆகாது" என்றார்.

ஆசிரியர் இளமையில் கைக்கியர் காரிலேயே ஓட்டக் கற்றவர். ஆகவே உள்ளூர மகிழ்ந்தார். ஆனால் மனைவியை இரு வாரத்திற்கு ஒருமுறை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்பவன் மகன். அவனிடம் இருந்ததோ தானியங்கிக் காருக்கு மட்டும் செல்லும் 'டிஏ' உரிமம். காரில் மூன்றாவது மிதிகட்டை வந்துவிட்டால், சட்டப்படி அவன் அதை ஓட்ட இயலாது. "நான் 'டி' உரிமம் எடுத்துக்கொள்கிறேன், அப்பா" என்று அவன் சொன்னதை ஆசிரியர் முழுதாக நம்பவில்லை. எனினும் வேறு வழியில்லை. சாலைப் போக்குவரத்துத் துறை அலுவலகத்திலும் காப்புறுதி முகவரிடமும் கேட்டறிந்த பின்னரே காரைப் பட்டறையில் விட்டார்.

ஒரு பெட்டியைக் கழற்றி மற்றொன்றைப் பூட்டுவதே வேலை என அவர் எண்ணியிருந்தார். அது அவ்வளவு எளிதன்று. தானியங்கிக் காரில் இயந்திரத்திற்கும் கியர்ப்பெட்டிக்கும் இடையே எண்ணெயே ஆற்றலைக் கடத்துகிறது. 1905ஆம் ஆண்டில் ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்னும் ஜெர்மானியப் பொறியாளர் கப்பல்களுக்காகக் கண்ட முறை அது. கார்களுக்கு வந்தது பிற்பாடுதான். அந்த எண்ணெய்க் குடத்தை இயந்திரத்தோடு இணைப்பது மெல்லிய தகடு ஒன்றே. கைக்கியருக்கு அது போதாது. கிளட்ச் தட்டு உரசி நிற்கக் கனத்த சமன்சக்கரம் வேண்டும். பழைய திருகாணிகளும் அதற்குப் பொருந்தா. அதே வகைக் கார் ஒன்று விபத்தில் நசுங்கிப் பழைய இரும்புக் கடைக்கு வந்திருந்ததால் கியர்ப்பெட்டி, சமன்சக்கரம், கிளட்ச் கேபிள், மிதிகட்டைகள், கியர்த்தண்டு யாவும் ஒரே இடத்தில் கிடைத்தன. கிளட்ச் தட்டை மட்டும் புதிதாக வாங்கினார்கள். அதில் சிக்கனம் பார்ப்பது மடமை என்பது பட்டறைக்காரரின் கட்சி; அது சரியே.

அகன்ற பிரேக் மிதிகட்டை போய், அவ்விடத்தில் ஒடுங்கிய இரண்டு வந்தன. ரேடியேட்டருக்குச் சென்ற கியர் எண்ணெய்க் குழாய்கள் வேலையற்றுப் போயின. எல்லாம் முடிந்து சாவியைத் திருப்பினால் இயந்திரம் மௌனம் சாதித்தது! தானியங்கிக் கார், கியர்த்தண்டு நிறுத்த நிலையிலோ நடுநிலையிலோ இருந்தால்தான் உயிர்பெறும். அதைக் காவல் காக்கும் விசை பழைய பெட்டியோடு போய்விட்டது. அதன் கம்பிகள் இரண்டை இணைத்ததும் இயந்திரம் உறுமியது. பின்விளக்குக் கம்பியைத் தேடி எடுக்க மேலும் அரைநாள் ஆயிற்று.

அதன்பின் மூன்று மாதங்கள் மருத்துவமனைக்கு ஓட்டியவர் ஆசிரியரே. நகர நெரிசலில் கிளட்ச்சை மிதித்து மிதித்து அவருடைய இடது முழங்கால் வீங்கியது. இரவில் மனைவி தைலம் தேய்க்கும்போது, யாருக்கு யார் நோயாளி என்று சிரித்துக்கொள்வார்கள். அவர் வலியைக் குறைத்தே சொன்னார். அவன் பயிற்சிப் பள்ளிக்குச் சென்றுவருவதைப் பற்றி ஒருநாளும் கேட்கவுமில்லை.

மகன் சோதனையில் தேறிய வாரத்தில், மூவரும் துன் சார்டோன் சாலை வழியாகப் பாலிக் புலாவுக்குப் புறப்பட்டனர். வளைவொன்றில் முன்னே சென்ற லாரி நின்றது. மகனும் நிறுத்தினான். மீண்டும் கிளம்புகையில் கார் குலுங்கி அணைந்தது. பின்னால் ஒருவர் ஒலிப்பானை அழுத்தினார். பின்னிருக்கையில் இருந்த தாய் ஒன்றும் சொல்லவில்லை. மகன் கைப்பிரேக்கை இழுத்து, இயந்திரத்தை எழுப்பி, கிளட்ச்சை மெல்ல விட்டான். அருகே அமர்ந்திருந்த ஆசிரியரின் இடக்கால், மிதிகட்டை எதுவுமில்லாத தரையை அழுத்தி, அவன் காலோடு சேர்ந்து மெல்ல மெல்ல எழுந்தது. கார் மேட்டில் ஏறத் தொடங்கியது.