முடிவுக்குறி வரும்வரை

2003-ஆம் ஆண்டில், வெளிநாட்டு ஆய்விதழ்களுக்கு அச்சுக்கோப்பும் தரவு மாற்றமும் செய்துகொடுக்கும் சென்னை நிறுவனம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். இரண்டாம் நாள் காலையில் மேலாளர் தலையணை போன்ற ஆங்கிலப் புத்தகம் ஒன்றை என் மேசைமேல் வைத்து, "எக்ஸ்எம்எல். ஒரு வாரத்துல படிச்சுடுங்க" என்றார். நாவல்களை இரவோடு இரவாக முடித்துவிடும் வழக்கம் உள்ளவன் என்பதால் தலையசைத்துவிட்டேன். அந்தப் புத்தகத்தில் நான் தாண்டிப்போன ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் இங்கே எழுதவேண்டியிருக்கிறது.

இலக்கிய வாசகர்களுக்கு எக்ஸ்எம்எல்லைச் சொல்ல ஓலைச்சுவடியைத் துணைக்கழைப்பது தவறாகாது. சுவடியில் மூலமும் உரையும் மேற்கோளும் இடைவெளியின்றி ஒரே ஓட்டமாக ஓடும். மெய்யெழுத்துக்குப் புள்ளியும் பெரும்பாலும் இராது. எது மூலம், எது உரை என்று பிரித்தறிவது பதிப்பாசிரியரின் முதற்பாடு. அவர் மனத்துக்குள் கிழித்துக்கொள்கிற கோடுகளைக் கணினிக்கும் புலப்படும்படி வெளிப்படையாக எழுதிவைப்பதே இந்த முறை. முன்னால் ஒரு தொடக்கக்குறி, பின்னால் ஒரு முடிவுக்குறி:

<ஆசிரியர்>சுப்ரமணியன்</ஆசிரியர்>

குறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கவும் விதி இடம்தருகிறது. எங்கள் கோப்புகளில் எல்லாம் ஆங்கிலம்தான்.

இதன் மூதாதையை 1969-இல் ஐபிஎம் நிறுவனத்தில் கோல்ட்ஃபார்ப், மோஷர், லோரி என்ற மூவர் உருவாக்கினார்கள். முதலாமவர் சட்டம் படித்தவர். சட்ட ஆவணங்களைக் கணினியில் கையாளும் முயற்சியிலிருந்துதான் அது பிறந்தது. ஜிஎம்எல் என்ற பெயரே மூவரின் முதலெழுத்துகள்தாம். அது வளர்ந்து 1986-இல் எஸ்ஜிஎம்எல் என்ற பன்னாட்டுத் தரமாயிற்று. அதைச் சுருக்கி எளிதாக்கிய வடிவமே 1998 பிப்ரவரி 10 அன்று வெளியான எக்ஸ்எம்எல். ஆக்கியவர்கள் பெயரைத் தலையில் சூடிக்கொண்டு பிறந்த மொழி என்பது அப்போது எனக்குச் சுவையான தகவல் மட்டுமே.

அதன் கண்டிப்பு எனக்குப் பிடித்திருந்தது. இணையப் பக்கத்தில் ஒரு முடிவுக்குறி விட்டுப்போனால் உலாவி பெருந்தன்மையோடு ஊகித்துச் சமாளித்துக்கொள்ளும். எக்ஸ்எம்எல்லில் அந்தத் தயவு கிடையாது. ஒரு குறி மூடப்படவில்லை என்றால் பார்சர், அதாவது கோப்பைப் படித்துத் தரும் நிரல், பிழை என்று நின்றுவிடும். ஆகவே நிற்காமல் ஓடி முடிந்தால் எல்லாம் சரி என்று பொருள். அப்படித்தான் நான் நம்பினேன்.

கோப்பைப் படிக்க இரண்டு வழிகள் இருந்தன. டாம் என்பது முழுக் கோப்பையும் ஒரு மரமாக நினைவகத்தில் நிறுத்திக்கொள்வது. எந்தக் கிளைக்கும் போகலாம், வரலாம். எங்கள் கோப்புகளின் பருமனுக்கு என் கணினி மூச்சுத்திணறிச் செத்துப்போனது. மற்றது சாக்ஸ். அது எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாது. கதாகாலட்சேபம் கேட்பதுபோல, வர வர வாங்கிக்கொள்ள வேண்டும். "ஆசிரியர் தொடங்குகிறது" என்று ஓர் அழைப்பு, "இதோ எழுத்துகள்" என்று ஓர் அழைப்பு, "ஆசிரியர் முடிந்தது" என்று ஓர் அழைப்பு. நடுவில் வந்த எழுத்துகளைப் பெயர் என்று எடுத்து வைத்துக்கொண்டேன். மாதிரிக் கோப்புகளில் பிசகில்லாமல் ஓடியது. மேலாளர் தோளில் தட்டினார்.

மெய்ப்புப் பார்க்கும் பிரிவில் ஒரு பெரியவர் இருந்தார். ஈய எழுத்துக் காலத்தில் அச்சுக்கோப்பவராகத் தொடங்கி அறுபதைக் கடந்தவர். ஒருநாள் என் இருக்கைக்கு வந்து தாளை நீட்டினார். "தம்பி, இங்க ஒருத்தருக்குத் தலை போயிடுச்சு."

ம்யூலர் என்ற ஜெர்மானியப் பெயரில் முன்னெழுத்துகள் இரண்டும் போய், எல், எல், இ, ஆர் மட்டும் நின்றன. பார்த்தவுடன் காரணம் பிடிபட்டது. இரட்டைப்புள்ளி இட்ட யு என்ற எழுத்து கோப்பில் 252 என்ற எண்ணாகக் குறிக்கப்பட்டிருந்தது. பார்சர் அந்த இடத்தில் பெயரை மூன்று துண்டாக்கி மூன்று முறை அழைத்திருக்கிறது. நான் ஒவ்வொரு முறையும் பழையதை அழித்துப் புதியதை எழுதிக்கொண்டேன். கடைசித் துண்டு மட்டும் எஞ்சியது. இத்தகைய எண்களை முன்கூட்டியே எழுத்துகளாக மாற்றிவிடும் சிறு நிரலொன்றைச் சேர்த்தேன். வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போனேன். அரைகுறையாகப் புரிந்துகொண்டவனுக்கே அப்படியொரு நிம்மதி வாய்க்கும்.

நான்கு மாதம் கழித்து, ஓர் இதழின் ஆண்டு அட்டவணைக்கு மெய்ப்புப் பார்க்கையில் பெரியவர் மறுபடி வந்தார். அட்டவணையின் கடைசிப் பக்கம். கணினியின் அகரவரிசையில் சிறிய ஆங்கில எழுத்துகள் பெரிய எழுத்துகள் அனைத்துக்கும் பின்னால்தான் வரும். அதனால் வான், டி என்று சிறிய எழுத்தில் தொடங்கும் ஐரோப்பியப் பெயர்கள் அங்கே ஒதுங்கிக் கிடந்தன. அவர்களுக்கு நடுவே மணியன் என்று ஒருவர், சிறிய எம்மோடு.

"இந்தக் கூட்டத்துல நம்ம ஊர்க்காரருக்கு என்ன வேலை?" என்றார்.

மூலத்தில் அவர் சுப்ரமணியன். அந்தப் பெயரில் விசேட எழுத்து எதுவும் இல்லை.

அன்றிரவு அந்தத் தலையணைப் புத்தகத்தை எடுத்தேன். சாக்ஸ் பற்றிய இயலில் இருந்தது: தொடர்ந்து வரும் எழுத்துகளைப் பார்சர் ஒரே துண்டாகவும் தரலாம், பல துண்டுகளாகவும் தரலாம் என்று. பார்சர் கோப்பை ஒரு குறிப்பிட்ட அளவு அள்ளி அள்ளிப் படிக்கிறது. அள்ளும் கை ஒரு பெயரின் நடுவில் முடிந்தால் பெயர் இரண்டாகிவிடும். சிறிய மாதிரிக் கோப்புகளில் ஒரே அள்ளலில் எல்லாம் வந்துவிட்டதால் எனக்குத் தெரியவில்லை. கட்டுரைத் தலைப்புகளுக்கு நான் துண்டுகளைச் சேர்த்துத்தான் வைத்திருந்தேன், உள்ளே சாய்வெழுத்துக் குறிகள் வரும் என்பதால். பெயர் சின்னது, அது எங்கே உடையப்போகிறது என்று விட்டுவிட்டேன். வெளியேபோன கோப்புகளில் ஒரு குறியும் விட்டுப்போகவில்லை. எந்தச் சோதனையும் அவற்றைக் குற்றம் சொல்லியிராது.

திருத்தம் இரண்டே வரி. வருகிற துண்டுகளை ஒட்டிக்கொண்டே போய், முடிவுக்குறி வந்த பிறகுதான் அதைப் பெயர் என்று கொள்ள வேண்டும். பிறகு நான்கு மாதக் கோப்புகளைப் பழைய நிரலிலும் புதிய நிரலிலும் ஓட்டி ஒப்பிட்டேன். 217 பெயர்கள். எல்லாம் ஏற்கெனவே வாடிக்கையாளருக்குப் போய்விட்டவை.

மேலாளர் பட்டியலைப் பார்த்தார். "அவங்க ஒண்ணும் சொல்லலையே. இனிமே சரியா வந்தாப் போதும்" என்றார். அதைக் கேட்டதும் எனக்கு ஏற்பட்டது வருத்தமல்ல, விடுதலை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பட்டியலை இழுப்பறையில் வைத்தேன். ஒன்பது நாள் அது அங்கேயே கிடந்தது. அந்த நாட்களில் பெரியவர் இருக்கும் பக்கமாகத் தேநீர் குடிக்கப் போகவில்லை.

பத்தாம் நாள் அவரே வந்தார். "தம்பி, எத்தனை பேரு?"

சொன்னேன்.

"லிஸ்ட் இருக்கா?"

எடுத்துக்கொடுத்தேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர், ஃபாரம் அச்சேறிவிட்ட பிறகு பிழை கண்டால் முதலாளி திட்டினாலும் கடைசிப் பக்கத்தில் பிழைதிருத்தம் என்று ஒரு துண்டு அடித்து ஒட்டுவோம், பசை காய்வதற்குள் பைண்டர் வந்து நிற்பான் என்று பழங்கதை பேசிக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சிவப்புப் பேனாவை எடுத்தார். மூலக் கோப்பைத் திரையில் திறக்கச் சொன்னார். நான் ஒவ்வொரு பெயராகப் படிக்க, அவர் எழுத்தெழுத்தாகப் பார்த்து டிக் அடித்துக்கொண்டு வந்தார். மாலை ஏழரை ஆனது. இடையில் ஒருமுறை மேலாளர் கடந்துபோனார், நின்றார், ஒன்றும் கேட்கவில்லை.

முடிகிற நேரத்தில் பெரியவர் பேனாவை நிறுத்தினார். பட்டியலில் இருந்த ஒருவருக்குக் கட்டுரையில் இணையாசிரியர் ஒருவர் உண்டு. அவர் பெயரில் ஓர் எழுத்து முன்பின்னாக மாறியிருந்தது. அதே பெயர் இன்னொரு கட்டுரையில் சரியாக இருந்ததை அவர் நினைவில் வைத்திருந்தார்.

"இது உன் புரோக்ராம் பண்ணினதில்ல. தட்டச்சுலயே போனது" என்றார். பட்டியலின் அடியில் 218 என்று தம் கையால் எழுதி, பெயரையும் சேர்த்தார்.

மறுநாள் காலை மேலாளரிடம் சொல்லிவிட்டே மின்னஞ்சலை அனுப்பினேன். அவர் தடுக்கவில்லை, அந்த ஆண்டு என் சம்பள உயர்வு தள்ளிப்போனது. மூன்றாம் நாள் பதில் வந்தது. தரவுத்தளத்தில் 218 பெயர்களையும் மாற்றிவிட்டதாகவும், இரண்டு இதழ்களின் ஆண்டு அட்டவணை ஏற்கெனவே அச்சாகிவிட்டதால் அடுத்த இதழில் திருத்தம் போடுவதாகவும் எழுதியிருந்தார்கள். தாளில் எடுத்துக்கொண்டுபோய் பெரியவரிடம் காட்டினேன். அவர் வாங்கி, வழக்கம்போல முதலில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்தார்.